அனுப்பினவங்க சாமான்

புதிதாக ஒன்றைப் பார்த்தால் நாம் எல்லாரும் "இது என்ன?" என்றுதான் கேட்போம். அவர் "இது யாரோடது?" என்று கேட்பார்.

ஈப்போ பழைய நகரில், ஒரு காப்பிக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய வழக்கறிஞர் அலுவலகம் இருந்தது. கீழே அஞ்சடி நடைபாதையில் நடப்பவர்கள் தலையில் ஏர்கோன் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். எல்லாரும் நிமிர்ந்து பார்த்துத் திட்டிவிட்டு, தலையைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அவர் மட்டும் சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வைத்தார். சாயங்காலம் எந்தக் குழாய், எந்தச் சன்னல் என்று பார்த்துக்கொண்டார். பக்கத்துக் கடையின் மாடிக்கு ஏறிப் போய், நிறைந்த வாளியை முதலாளியிடம் நீட்டினார்.

"தவுக்கே, உங்க தண்ணி. கீழ விட்டுட்டீங்க. கொண்டாந்திருக்கேன்லா."

மறுநாளும் ஒரு வாளி கொண்டுபோனார். அதற்குப் பிறகு குழாய் மாற்றப்பட்டது. இதை நான் நேரில் பார்க்கவில்லை. காப்பிக் கடைக்காரர் எனக்குச் சொல்லிச் சிரித்தது. கடைக்காரர் இதைச் சொல்லும்போதெல்லாம் வாளியின் அளவு கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.

கல்குவாரிக் கதையை நானே பார்த்தேன். ஊருக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றை உடைக்கும் ஒரு குவாரிக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு. தினமும் வீட்டு வாசலில் வெள்ளைத் தூசி. அவர் வீடு வீடாகப் போய், கூட்டிய தூசியைக் காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு வைக்கச் சொன்னார். மூடியில் வீட்டு எண் எழுதினார். அத்தனை டப்பாக்களையும் தன் காடியின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு குவாரி அலுவலகத்துக்குப் போய், வரவேற்பு மேசையில் அடுக்கினார்.

"உங்க மலை. கொஞ்சம் எங்க வீடுகளுக்கு வந்துருச்சு. சரி பார்த்து வாங்கிக்கோங்க."

நான் அன்று டப்பா தூக்கப் போயிருந்தேன். அந்த மேசைக்குப் பின்னால் இருந்த பெண், பாவம், உண்மையிலேயே எண்ணத் தொடங்கிவிட்டாள். அந்த வழக்கு நீதிமன்றம் வரை போகவேயில்லை. குவாரிப் பாதையில் தண்ணீர் தெளிக்கும் லாரி ஓட ஆரம்பித்தது.

எனக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். வேலை அப்படி. தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். மாதிரி எடுத்த இடம், நேரம், பாத்திரம், மூடி என்று எல்லாம் அதனதன் கட்டத்தில் இருக்க வேண்டும். ஆனால் இவரை நினைக்கும்போது கட்டங்கள் குழம்பிவிடுகின்றன. பருத்திப் புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து. சீனி போடாத காப்பி. மறந்துவிட்டுப் போன கட்சிக்காரர்களின் குடைகள் நிற்கும் ஒரு மூங்கில் கூடை, ஒவ்வொரு குடையின் கைப்பிடியிலும் பெயர்ச்சீட்டு. நீதிமன்றத்தில் தோற்ற அன்று கடலை வாங்கிக் கொறிப்பார். வென்ற அன்றும் அதே கடலைதான்.

முதல் சந்திப்பில் நாங்கள் சண்டை போட்டோம். சாக்கடைத் தண்ணீரை ஒரு பழைய ஹார்லிக்ஸ் போத்தலில் கொண்டுவந்திருந்தார். எங்கள் போத்தலில் எடுத்தால்தான் சோதிப்போம் என்றேன்.

"தண்ணி ஒண்ணுதானேம்மா?"

"ஹார்லிக்ஸும் கலந்திருக்கும் அக்கா. நாளைக்கு சாக்கடையில சத்து இருக்குன்னு ரிப்போர்ட் வரும்."

ஒரு நொடி முறைத்தார். பிறகு போத்தலை எடுத்துக்கொண்டார். "சரிதான். தப்பு உன்னோடது இல்ல, என்னோடது" என்று சொல்லிவிட்டு எங்கள் போத்தலை வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்கு அவர் லாயரக்கா.

அவருடைய அலமாரியில் ஒரு வரிசை முழுக்க விண்வெளிச் சட்டம். செயற்கைக்கோள், ராக்கெட், நிலா இவற்றைப் பற்றி நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். வடையும் தேநீருமாக நான் போய் உட்காரும் மதியங்களில், மற்றவர்கள் தொடர்நாடகம் சொல்வதுபோல அவர் அதைச் சொல்லுவார்.

"வானம் யாருக்கும் சொந்தமில்ல. ஆனா அங்க சுத்துற ஒவ்வொரு ஆணிக்கும் சொந்தக்காரன் உண்டு. இங்க ஒரு ஆத்துல எண்ணெய் மிதந்தா, எந்த ஆலையோடதுன்னு கண்டுபிடிக்கவே என் பாதி ஆயுசு போயிருது. அப்புறம் 'எங்க மேல தப்பு இல்ல'ன்னு மீதி ஆயுசு. அங்க அப்படி இல்ல. மேல அனுப்பின சாமான் கீழ விழுந்து ஒருத்தனுக்குச் சேதம்னா, தப்பு இருக்கா இல்லையான்னு கேள்வியே கிடையாது. அனுப்பினது நீதானே? அப்ப நீதான் பொறுப்பு. முடிஞ்சுது. எவ்வளவு அழகான சட்டம் பாரு!"

நீதிமன்றச் சிற்றுண்டிக் கடையில் இளம் வழக்கறிஞர்கள் அவரைச் சும்மா விட மாட்டார்கள். "அக்கா, நிலாவுல நிலத்தகராறு ஏதும் வந்துச்சா?" என்று ஒருவன் கேட்பான்.

"வந்தா உன்னை எதிர்க்கட்சிக்கு வெச்சுக்கச் சொல்றேன் தம்பி. கேஸ் சீக்கிரம் முடிஞ்சிரும்."

வானம் அவருக்கு ஒரு வழக்கு அனுப்பிவைத்தது. அது விழுந்தது என் சித்தப்பாவின் மீன்குளத்தில்.

சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். இப்போது எல்லாம் செம்பனை. தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்த ஓரத்தில் சில குடும்பங்கள் மட்டும் மிச்சம். செக்யூரிட்டி வேலையை விட்டுவிட்டு, சேர்த்ததை எல்லாம் போட்டு, சித்தப்பா அங்கே ஒரு குளம் வெட்டிக் கெளுத்தி வளர்த்தார். அந்தக் குளத்தைத் தவிர அவருக்கும் சித்திக்கும் வேறு வருமானம் இல்லை. ஒரு காலையில் லாயரக்காவிடம் ரிப்போர்ட் கொடுக்கப் போயிருந்தபோது என் தொலைபேசி அடித்தது.

"ஏய் பிள்ள, நம்ம குளத்துல வானத்துலேர்ந்து என்னமோ விழுந்துருச்சு. இரும்பு உருண்டை. குண்டு மாதிரி இருக்கு, ஆனா வெடிக்கல."

"தொடாதீங்க சித்தப்பா!"

"தொடலலா. கயிறு கட்டித்தான் இழுத்தோம்."

ஒலிபெருக்கியில் போட்டேன். லாயரக்கா எழுந்து நின்றுவிட்டார். முதலில் "யாருக்கும் அடிபடலையே?" என்று கேட்டார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. மேலே அனுப்பிய ஏதோ ஒரு ராக்கெட்டின் கலனாகத்தான் இருக்கும், வாயுவோ எரிபொருளோ நிரப்பி வைப்பது என்றார்.

மறுமுனையில் சித்தியின் குரல் வந்தது. "லாயரம்மா, பழைய இரும்புக்காரன் கேட்டுட்டுப் போனான். கொடுத்துறவா?"

"கொடுக்காதீங்க தங்கச்சி. அது உங்களோடது இல்ல. அனுப்பினவங்க சாமான். அவங்க கேட்டா திருப்பிக் கொடுக்கணும். பத்திரமா வெச்சிருங்க."

"ஓ, திருப்பிக் கொடுக்கணுமா?" என்றார் சித்தி. அந்த "ஓ"வில் என்ன இருந்தது என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியவில்லை.

அன்றே போலீஸ் வந்து, தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனது. நில அலுவலகம் வந்து, வானம் தங்கள் கணக்கில் இல்லை என்றது. சுற்றுச்சூழல் அதிகாரி வந்து குளத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார். மீன் பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. உருண்டையை எடுத்துப்போக மட்டும் யாரும் தயாராக இல்லை. நாங்கள் வார இறுதியில் போய்ச் சேர்ந்தபோது, அது வீட்டு வாசலில் ஒரு சாக்கின்மேல் இருந்தது. பளபளவென்று. எங்கள் முகம் தெரிந்தது.

லாயரக்கா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "தங்கச்சி, எரிஞ்சு விழுந்ததாச்சே, இதுல கரி இருந்திருக்கணுமே?"

"அடேயப்பா, போகவே மாட்டேன்னுச்சு லாயரம்மா!" சித்திக்கு ஒரே பெருமை. "சாம்பல் போட்டேன், புளி போட்டேன், தேங்காய் நார் போட்டேன், கடைசில சட்டி தேய்க்கிற கம்பி போட்டேன். ஊரான் வீட்டுச் சாமான். அழுக்கோடயா திருப்பிக் கொடுக்கிறது? நம்மள என்ன நினைப்பாங்க?"

"தொடக்கூடாதுனு போலீஸ் சொன்னாங்களே சித்தி" என்றேன்.

"கையுறை போட்டுத்தான் தேச்சேன்."

"எழுத்து, நம்பர் ஏதாச்சும் இருந்துச்சா?" லாயரக்காவின் குரல் மிக மெதுவாக இருந்தது.

"கழுத்துகிட்ட கோழி கிளறுன மாதிரி கறுப்பா என்னமோ இருந்துச்சு. அதைப் போக்கத்தான் ரொம்ப நேரம் புடிச்சிச்சு."

எந்த நாட்டினுடையது என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே அடையாளம் அது. படம் எடுத்தீர்களா என்று சித்தப்பாவைக் கேட்டோம். எடுத்திருந்தார், நிறையவே. எல்லாப் படத்திலும் உருண்டையின் கழுத்துப் பக்கத்தைத் தன் தொப்பையால் மறைத்தபடி சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

லாயரக்கா வாசல்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சித்தி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "தப்பு உங்களோடது இல்ல தங்கச்சி" என்றார், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திருப்பிக் கொடுக்கணும்னு சொன்னது நான். எப்படின்னு சொல்லாமப் போனதும் நான்."

பிறகு வேலை தொடங்கியது. அந்தக் காலையில் எந்த நாட்டு ராக்கெட் மிச்சம் இந்தப் பக்கமாகக் கீழே இறங்கியது என்பது விண்வெளியைக் கவனிப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். நான் அந்தத் தடங்களைத் தேடி எடுத்து வரைபடத்தில் குறித்தேன். ஒரு நாடுதான் பொருந்தியது. ஆனால் சித்தப்பா நேராக அந்த நாட்டைக் கேட்க முடியாது.

"ஏன் கேக்கக்கூடாது?" என்றார் சித்தப்பா. "விழுந்தது என் குளத்துல."

"பக்கத்து வீட்டுப் பையன் பந்தை அடிச்சு நம்ம சன்னல் உடைஞ்சா, நம்ம அப்பா போய் அவங்க அப்பாகிட்ட பேசுவார்ல? அது மாதிரி. நம்ம அரசாங்கம் அவங்க அரசாங்கத்துகிட்ட பேசணும். அந்த ஒப்பந்தத்துல நம்ம நாடு எவ்வளவு தூரம் உள்ள இருக்குன்றதே ஒரு கேள்வி. சட்டம் பாதி தூரம் வரும் அண்ணே. மீதிக்கு மரியாதைதான் வரணும்."

லாயரக்கா அமைச்சுக்கு எழுதினார். தொலைபேசியில் பேசினார். நேரில் போனார். இதற்கிடையே நான் ஆய்வகத்தில் பார்க்க முடிந்ததை எல்லாம் பார்த்தேன். அமிலத்தன்மை, கன உலோகம், எண்ணெய்ப் படலம், எல்லாம் சரியாக இருந்தன. சுற்றுச்சூழல் அதிகாரி என் ரிப்போர்ட்டைப் பொறுமையாகப் படித்தார். நல்ல மனிதர். "உள்ளே என்ன இருந்தது என்று அதன் சொந்தக்காரர் சொல்லட்டும். எதைத் தேடுவது என்றே தெரியாமல், ஒன்றும் இல்லை என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது.

தீபாவளி நெருங்கியது. சித்தப்பா நாடாவுக்கு வெளியே நின்று தினமும் தீனி வீசினார். "விக்கவும் முடியல, விடவும் முடியல. மாமியார் வீட்டுல வந்து உக்காந்த மாப்பிள்ளைங்க மாதிரி தின்னுட்டே இருக்கானுங்க" என்று சிரித்தார். ஆனால் பழைய செக்யூரிட்டி சட்டையைச் சித்தி வெளியே எடுத்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். தீபாவளிச் சந்தையை விட்டுவிட்டால் தீனி வாங்கவும் வழியில்லை. குளத்தை மூடிவிட்டு அவர் வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒருவழியாகப் பதில் வந்தது. அந்தப் பொருள் எங்களுடையது என்று ஒப்புக்கொள்ளாமலே, நல்லெண்ண அடிப்படையில் பார்வையிட ஆள் அனுப்புகிறோம். வந்தவர்கள் மூவர். நடுத்தர வயதுப் பொறியாளர் பெண் ஒருவர், அவருடைய இளம் உதவியாளர், எதற்கும் பதில் சொல்லாத தூதரகக்காரர் ஒருவர். சுற்றுச்சூழல் அதிகாரியும் வந்தார்.

அந்தப் பெண் உருண்டையைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தார். இத்தனை பளபளப்பை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். பிறகு குனிந்து, பாராமலே கையை அடிப்பக்கம் கொண்டுபோய், அங்கிருந்த சிறு துளையில் விரலை வைத்தார். தேடவில்லை. விரலுக்கு இடம் தெரிந்திருந்தது. நான் லாயரக்காவைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்களோடதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தூதரகக்காரர் முந்திக்கொண்டார். அதுபற்றிக் கருத்துச் சொல்ல இயலாது என்றார். உள்ளே என்ன இருந்தது? அதுபற்றியும் இயலாது.

"பரவால்ல. தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, முதல்ல சாப்பிடுங்க" என்றார் லாயரக்கா. சித்தி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மசாலா தடவிப் பொரித்த கெளுத்தி. வாசல் முழுக்க வாசனை.

சுற்றுச்சூழல் அதிகாரி எழுந்துவிட்டார். "இது எந்த மீன்?"

"இந்தக் குளத்து மீன்தான், என்சிக்" என்று லாயரக்கா மரியாதையாகச் சொன்னார்.

"பிடிக்கக் கூடாது என்று சொன்னேனே!"

"பிடிக்கல. நேத்து மழைக்கு அதுவா வரப்பு ஏறி வந்துச்சு. நாடாவைக் குளத்துக்குக் கட்டினீங்க. மீனுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கலையே."

பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். இந்த மீன் அந்தக் கலன் விழுந்த குளத்து மீன். கலனுக்குள் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் நாங்கள் யாரும் இதைத் தொட மாட்டோம். என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள், பயம் இல்லையென்றால், சாப்பிடலாம்.

தூதரகக்காரர் வாய் திறந்தார். அதற்குள் அந்தப் பெண் கையை நீட்டி ஒரு துண்டை எடுத்துவிட்டார். முள்ளை நீக்கினார், வாயில் போட்டார், கண்களை மூடிக்கொண்டு மென்றார். உதவியாளரும் ஒன்றை எடுத்தான். பெண் இரண்டாவது துண்டை எடுத்தார். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உறைப்பா இருக்கா?" என்று சித்தி தமிழில் கேட்டார். அந்தப் பெண் தன் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நன்றாக இருக்கிறது என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

லாயரக்கா அதிகாரியைப் பார்த்தார். "என்சிக், பாத்தீங்கல்ல?"

"சாப்பிட்டதைப் பார்த்தேன். அதை வைத்து நான் கையெழுத்துப் போட முடியாதே."

"அப்ப ஏன் பயமில்லாம சாப்பிட்டாங்கன்னு அவங்களையே கேளுங்க."

பொறியாளர் விரல்களைத் துடைத்துக்கொண்டார். தூதரகக்காரரைப் பார்க்காமல், அதிகாரியிடம் நேராகச் சொன்னார். இது யாருடையதாக இருந்தாலும், இந்த வகைக் கலனில் நிரப்புவது ஹீலியம் வாயு மட்டும்தான். பலூனில் அடைப்பதுதான். நஞ்சு எதுவும் கிடையாது. கேட்டால் எழுதியும் தருகிறேன். தந்தார். நான் ஒருமுறை படித்துப் பார்த்து, என் ரிப்போர்ட்டோடு சேர்த்து அதிகாரியிடம் கொடுத்தேன்.

உருண்டையை அவர்கள் பெட்டியில் வைக்கும்போது சித்தி என் காதில் கேட்டார். "அதுல ஒரு ஓட்டை இருக்கே, கொஞ்சம் சீனியாவது போட்டு அனுப்பலாமா? வெறும் பாத்திரமா கொடுக்கக் கூடாதுடி."

நான் தடுத்தேன். அவர் விடவில்லை. உள்ளே போய்த் தீபாவளிக்குச் சுட்டு வைத்திருந்த முறுக்கை ஒரு பிஸ்கட் டின் நிறையப் போட்டு எடுத்துவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். லாயரக்கா என்னை ஒப்படைப்புப் பட்டியல் எழுதச் சொன்னார். எழுதினேன். ஒன்று: உலோக உருண்டை, தேய்த்தது. இரண்டு: முறுக்கு, ஒரு டின். உருண்டை யாருடையது என்று சொல்ல முடியாத தூதரகக்காரர், முறுக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே நாடா அவிழ்ந்தது. தீபாவளிச் சந்தைக்குச் சித்தப்பாவின் மீன் போனது. இத்தனை நாள் தின்று கொழுத்த மாப்பிள்ளைகளைப் பார்த்து வாங்க வந்தவர்களே அசந்துபோனார்கள். செக்யூரிட்டி சட்டையைச் சித்தி கிழித்துக் கரித்துணி ஆக்கிவிட்டார்.

லாயரக்கா இப்போது ஈப்போவில் இல்லை. தலை நரைத்த பிறகு, விண்வெளிச் சட்டம் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து போய்விட்டார். புறப்படும் முன் அந்த மூங்கில் கூடையைக் காடியில் ஏற்றிக்கொண்டு, பாரிட் புந்தார் வரைக்கும் போய், ஒவ்வொரு குடையையும் அதன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அவருடைய மாடியில் இப்போது ஒரு டியூஷன் நிலையம். காப்பிக் கடைக்காரர் கதையில் வாளி இப்போது பெரிய பீப்பாய் ஆகிவிட்டது.

அவர் போவதற்குச் சற்று முன்புதான் சித்திக்கு ஒரு பார்சல் வந்தது. அந்த நாட்டிலிருந்து. நாங்கள் இருவரும் போயிருந்த அன்று, அவர் முன்னால்தான் சித்தி பிரித்தார். உள்ளே எங்கள் பிஸ்கட் டின். கழுவித் துடைத்து, துருப்பிடித்த ஓரம்கூடத் தேய்க்கப்பட்டு, பளபளவென்று இருந்தது. அதற்குள் அவர்கள் ஊர் மிட்டாய்கள் நிறைய, நடுவில் வீட்டில் செய்த ஏதோ பழ ஜாம் ஒரு கண்ணாடி ஜாடியில்.

"பாத்தீங்களா" என்றார் சித்தி. "அவங்களும் வெறுமனே கொடுக்க மாட்டாங்க போல."

லாயரக்கா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கில் வென்றபோதும் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. "கடுதாசியில கடைசி வரைக்கும் ஒத்துக்கல. ஆனா பாரு, சாமான் யாரோடதோ அவங்கதானே பாத்திரத்தைத் திருப்பி அனுப்புவாங்க" என்றார்.

சித்தப்பா மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டார். சித்தி ஜாமை ரொட்டியில் தடவிக்கொண்டு வந்தார். எல்லாரும் தின்று முடித்தோம். மேசையில் காலி ஜாடி மட்டும் இருந்தது.

லாயரக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"சரி, இது யாரோடது?"

சித்தி ஜாடியை வாங்கினார். கழுவித் துடைத்து, மாங்காய் ஊறுகாய் இருந்த அலமாரியைத் திறந்தார்.